வேப்பிலை கட்டிய வாசல்

சேலத்தில் எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. கொரோனா வந்த முதல் கோடையில் அது நின்றது. சத்தம் இல்லாததால் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆடியில் மாரியம்மன் பண்டிகையும் கிடையாது என்றார்கள். தீபாவளி சமயத்தில் தறி மறுபடி ஓடியது. நோய் போய்விட்டது என்று பெரியவர்களே சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அடுத்த கோடையில் அது திரும்பி வந்தது. எதிர் வீட்டில் ஒருவருக்கு நோய் என்று வாசலில் தகரம் அடித்தார்கள். தகரத்தைக் கழற்றிய பிறகும் அந்த வீட்டுத் தறிக்கு யாரும் நூல் கொடுக்கவில்லை.

அப்போதுதான் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் தறிகளை ஓட்டியவர் அவர். வேறு விலாசம் கொடுத்துப் பரிசோதனை செய்து, கொரோனாதான் என்று தெரிந்த அன்றே அப்பா ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துவந்து நிலையில் செருகினார்.

"ஆரு கேட்டாலும் சித்தப்பாவுக்கு அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லோணும், சாமி."

எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டில் மாரியம்மனே வந்து இறங்கியிருப்பதாக நம்பிக்கை. வேப்பிலையைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த வீட்டில் மருந்து மாத்திரை கூடாது. ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகக் கூடாது.

"ஏண்ணா, ஒரு முத்துக்கூடக் காணோம். ஆத்தா எங்கிட்ட எந்த எடத்துல உக்காந்திருக்கறா?" என்று சித்தப்பா சிரித்தார்.

"வாய மூடுறா. தெருவுல கேக்கப் போகுது."

பக்கத்து வீட்டு அத்தை தினமும் கம்மங்கூழ் கொண்டுவந்தார். "தண்ணி ஊத்துனா ஆத்தா எறங்கீருவா, பயப்படாதீங்க" என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னார். தகரம் அடித்த வீட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாதவர் அவர்.

ஒரு நாள் காலையில் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களுக்கும் அப்படித்தான் வாங்கும். ஆத்தா வந்துவிட்டாள் என்று நான் அவர் காலில் விழுந்தேன்.

"ஆத்தா, பள்ளிக்கூடம் எப்பத் தெறப்பாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு... அண்ணங்கிட்டச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஏனுங்க, ஆம்புலன்சக் கூப்புடுங்க. தெரு என்ன வேணா பேசிக்கட்டும்" என்றாள் அம்மா.

அப்பா வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அம்மை போட்ட ஊட்டுக்கு எவனாச்சும் ஆம்புலன்ஸ் கூப்புடுவானா? இன்னிக்கு ஒரு பொழுது பாக்கலாம்."

அந்தப் பொழுது சாய்வதற்குள் சித்தப்பா போய்விட்டார்.

கொரோனாவில் செத்தவரை யாரும் எட்டிப் பார்க்காத காலம் அது. ஆத்தாளே அழைத்துக்கொண்ட பிள்ளை என்றால் வராமல் இருப்பார்களா? தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகக்கவசத்தையும் கழற்றினார்கள். அத்தை சித்தப்பாவின் கன்னத்தில் கன்னம் வைத்து அழுதார்.

"தள்ளி உக்காருங்க, தொடாதீங்க" என்று அம்மா கதறினாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று பெண்கள் அவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். ஒவ்வொருவர் வரும்போதும் தடுப்பதுபோலக் கையைத் தூக்குவார். பிறகு அந்தக் கையாலேயே கும்பிட்டு உள்ளே விடுவார். அத்தையின் மகள் கைக்குழந்தையோடு படியேறியபோது மட்டும் பெருங்குரலெடுத்து அழுதார்.

தம்பி போன துக்கம் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.