ஒச்சம்மாளுக்கு என்ன காய் வேண்டும்?

குளிக்கப் போகலாமா என்று ஒச்சம்மாள் கேட்டாள். காலை ஏழு மணி. பல் தேய்க்கலாமா என்று அதற்கு முன்பே கேட்டாயிற்று.

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கறாய்? நான் என்ன வார்டனா?" என்றாள் திரிபுரசுந்தரி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். பாலக்காட்டுக்காரி, ஒரு காலத்தில் டைப்பிஸ்ட். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகாய் மண்டிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓட்டு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருமே மனநல இல்லத்திலிருந்து வந்தவர்கள். திரிபுரசுந்தரி அங்கே இருந்தது நாலு வருஷம். ஒச்சம்மாள் பத்தொன்பது.

"போய்க் குளியேண்டி" என்று உத்தரவு வந்த பிறகுதான் ஒச்சம்மாள் துண்டை எடுத்தாள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு கட்டட வேலைக்கு எர்ணாகுளம் வந்தவள். செங்கல் சுமப்பதில் ஆம்பளைகளையே மூச்சு வாங்க வைப்பாள். முதல் பிள்ளை நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. அதன் பிறகு அவளுக்குத் தூக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. ஒருநாள் சாரத்திலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தவள் நடந்துகொண்டே இருந்தாள். போலீஸ்காரர்கள் கொண்டுபோய் இல்லத்தில் சேர்த்தார்கள். புருஷன் இரண்டு தடவை வந்து பார்த்தான், மூன்றாம் தடவை வரவில்லை. ஆறேழு வருஷத்தில் சீக்கு அடங்கிவிட்டது. ஆனால் கூட்டிப்போக ஆள் வேண்டுமே! அந்த ஒரு காரணத்துக்காக, நோய் விட்ட பிறகும் நோயாளியாகவே கிடந்தாள். கேட்டால் வயிறு எரியும்.

இல்லத்தில் அவளுக்கு நல்ல பேர். மணி அடித்தால் எழுவாள், வரிசையில் நிற்பாள், கொடுத்ததைத் தின்பாள். வந்த புதிதில் ஒரே ஒரு தடவை, மத்தங்காய்க் கறி வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மத்தங்காய் என்றால் நம் பரங்கிக்காய்தான். அங்கே வாரத்தில் ஐந்து நாள் அதுதான். தட்டைத் தள்ளியதற்கு இரண்டு நாள் தனி அறை. அப்புறம் பத்தொன்பது வருஷம் அவள் வாயில் "செரி சிஸ்டர்" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை.

அந்தப் பேரோடுதான் வெளியே வந்தாள். ஒரு தொண்டு நிறுவனம் வீடு பிடித்துக் கொடுத்தது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், டாக்டர், மாத்திரை, அக்கம்பக்கம் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள சங்கரி என்று ஒரு பெண்ணையும் போட்டது. சங்கரியை கேஸ் ஒர்க்கர் என்பார்கள். பக்கத்துச் சுள்ளிக்கல்லில் வளர்ந்த தமிழ்ப் பெண். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். வாராவாரம் ஸ்கூட்டரில் வந்து ஒரு படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"ஒச்சம்மாக்கா, இந்த வாரம் எங்கயாச்சும் போகணும்னு தோணிச்சா?"

"நீங்க சொன்னாப் போறேன் சிஸ்டர்."

"நான் சிஸ்டர் இல்லக்கா. சங்கரின்னு விளிச்சா மதி, அது போதும்."

"செரி சிஸ்டர்."

சங்கரியின் முகம் வாடும். பேனா ஏதோ ஒரு கட்டத்தில் குறி போடும். என்ன தப்புச் செய்தோம் என்று ஒச்சம்மாளுக்கு விளங்காது. பதிலெல்லாம் சரியாகத்தானே சொன்னோம் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொள்வாள்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் சங்கரி வாசற்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். மலையாளம்தான். ஒச்சம்மாளுக்கு அது நன்றாகவே புரியும். "அடுத்த மாசம் ரிவ்யூவில தேறலேன்னா ஒச்சம்மாக்காவைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும் சார்" என்பது காதில் விழுந்ததுமே அவள் மேற்கொண்டு அங்கே நிற்கவில்லை. சமையலறைக்குள் ஓடிவிட்டாள். "சமைக்கிறாங்க, துவைக்கிறாங்க, மாத்திரை தவறினதே இல்ல. ஆனா ஒண்ணைக்கூட சொந்தமா முடிவு செய்ய மாட்டேங்கிறாங்க. எனக்கே ஒண்ணும் புரியல" என்று சங்கரி தொடர்ந்து சொன்னதை அவள் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

திருப்பி அனுப்பப் போகிறார்கள். ஏன்? யோசித்து யோசித்து அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். அடக்கம் போதவில்லை. முந்தாநாள் கேட்காமலே ஜன்னலைத் திறந்தோம், போன வாரம் கேட்காமலே இரண்டாவது தம்ளர் சாயா குடித்தோம், யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. விளக்கை அணைக்கவா, தண்ணீர் குடிக்கவா, உட்காரவா என்று கேட்டுக் கேட்டு திரிபுரசுந்தரியின் உயிரை எடுத்தாள். காய்கறி வண்டிக்காரர் பிச்சைமணிக்குத்தான் யோகம் அடித்தது. தென்காசிக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் வியாபாரி.

"என்ன காய் வேணும்க்கா? வெண்டைக்கா பிஞ்சா இருக்கு. கப்பைக்கிழங்கு இருக்கு."

"நீங்களே பாத்துக் குடுங்க."

கேட்பானேன்? எந்த வீட்டிலும் விலைபோகாத மத்தங்காய்த் துண்டு நாள் தவறாமல் அவள் கூடைக்குள் விழுந்தது. அவளும் சமைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றாள். "எனக்கு மஞ்சக்காமாலை வந்தாப்போல எல்லாம் மஞ்சளாத் தெரியறது" என்று திரிபுரசுந்தரி புலம்பினாள்.

ரிவ்யூ நாளும் வந்தது. இடப்பள்ளி ஆபீசிலிருந்து சந்தீப் சார் வந்தார். சங்கரிக்கு மேலதிகாரி. கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒச்சம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காருங்கள் என்று அவர் சொன்ன பிறகே உட்கார்ந்தாள். அது நல்லபடியாக முடிந்தது என்று அவளுக்கு ஒரு திருப்தி.

"இங்க உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"உங்களுக்குப் பிடிச்சா செரி சார்."

"லீவு நாள்ல என்ன செய்ய ஆசை?"

"என்ன சொன்னாலும் செய்வேன் சார்."

சங்கரி நகத்தைக் கடித்தாள். பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. சந்தீப் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"இந்த வீட்டிலேயே இருக்கணுமா, இல்ல திரும்ப அங்க போகணுமா? நீங்க சொல்லுங்க."

இங்கேதான் என்று சொல்ல ஒச்சம்மாளுக்கு ஆசை. ஆசையைச் சொன்னால் திமிர் என்பார்கள். அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பான பதில் ஒன்றுதான்.

"நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடி சார்."

சந்தீப் ஃபைலை மூடினார். "கஷ்டம்தான் சங்கரி. கொஞ்ச நாள் அங்கயே வச்சுப் பழக்கிட்டு அப்புறம் பார்க்கலாம்."

ஒச்சம்மாளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு பதில்கூடத் தவறவில்லையே! பின்னே ஏன்? அந்த நேரம் பார்த்து வாசலில் பிச்சைமணியின் குரல். பழக்கதோஷத்தில் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கேட்கக்கூட இல்லை. வழக்கம்போல ஒரு மத்தங்காய்த் துண்டை எடுத்துக் கூடையில் வைத்தார்.

அறுத்த காயின் அந்த மணம் மூக்கில் ஏறியது. அலுமினியத் தட்டு, மணிச்சத்தம், வரிசை எல்லாம் அதோடு வந்தன. எப்படியும் அனுப்பத்தானே போகிறார்கள்!

"வேணாம்" என்றாள்.

பிச்சைமணிக்குக் காது கேட்டதா இல்லையா என்றே சந்தேகம். "என்னக்கா?"

"மத்தங்கா வேணாம்யா! பத்தொம்பது வருசம் தின்னாச்சு. இனி ஒரு துண்டு தின்ன மாட்டேன். அங்கயும் போக மாட்டேன். யாரு சொன்னாலும் போக மாட்டேன், ஆமா!"

சந்து முழுக்கக் கேட்டது. மண்டி ஆட்கள் மூட்டையோடு நின்று பார்த்தார்கள். கத்தியது தானா என்று ஒச்சம்மாளே திகைத்துப் போனாள். கூடையைக் கீழே வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் நடந்து, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்றால் தனி அறை. யாரும் சொல்லாமலே அவள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம். சங்கரியின் குரல் தழுதழுத்தது.

"அக்கா, கதவைத் திறக்கட்டுமா?"

ஒச்சம்மாள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஆயிரம் கதவுகளை அவள் முன்னால் திறந்திருக்கிறார்கள், அடைத்திருக்கிறார்கள். திறக்கட்டுமா என்று எவரும் கேட்டதில்லை. இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?

"ம்" என்றாள்.

சங்கரி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள், சிரிக்கவும் செய்தாள். "நீங்க எங்கயும் போக வேண்டாம்க்கா. சார் எழுதிட்டாரு. மூணு மாசம் கழிச்சு இன்னொரு வாட்டி பாப்பாங்க, அவ்ளோதான்."

"நான் வேணாம்னுல்ல சொன்னேன்?"

"அதுக்காகத்தான் அக்கா."

"சார் முன்னாடி கத்தினேனே சிஸ்டர்?"

"அதுக்காகவேதான்."

ஒச்சம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறு மாதம் எல்லாவற்றுக்கும் சரி என்றோம், முகம் சுளித்தார்கள். ஒரே ஒரு தடவை மாட்டேன் என்றோம், சிரிக்கிறார்கள். இவர்களுக்குத்தான் சீக்கோ என்றுகூட அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

வெளியே வந்தபோது சந்தீப் சார் போய்விட்டிருந்தார். பிச்சைமணி மட்டும் போகாமல் நின்றார். மத்தங்காயை எடுத்து வண்டிக்கு அடியில் மறைத்துவிட்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு போட்டேன். சரி, சொல்லுங்க. உங்களுக்கு என்ன காய் பிடிக்கும்?"

ஒச்சம்மாள் வண்டியைப் பார்த்தாள். வெண்டை, அவரை, கத்தரி, புடலை. திரும்பி திரிபுரசுந்தரியைப் பார்த்தாள். அவள் வேண்டுமென்றே பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். ஒச்சம்மாள் மறுபடி வண்டியைப் பார்த்தாள். ஒவ்வொரு காயாகத் தொட்டாள். எது பிடிக்கும்? உசிலம்பட்டியில் எதை விரும்பித் தின்றோம்? எவ்வளவு துழாவியும் நினைவுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியலையே" என்றாள். அப்புறம், அவசரமாக, "போயிடாதீங்க. செத்த நில்லுங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

பிச்சைமணி சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு நின்றார்.