த்ராட்டிலில் சிக்கிய நூல்

காதர் பாய் காலமான செய்தி வந்தபோது, எங்கள் ஷெட்டில் ஒரு வேனின் பேட்டரி ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மருமகன் வாசலில் நின்றபடியே, "மாமா காலைல தவறிட்டாருங்க. மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் அடக்கமுங்க" என்றார். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருந்தது. அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலம்பாளையத்தில் எங்கள் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையில் அவர் என் கூட்டாளி. பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், எண்பதுகளில் என்னோடு சேர்ந்தார். எனக்குக் குரு யாரும் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வீஸ் புத்தகங்களைப் படித்துக் கற்றவன். அவர் திறந்து பார்த்துத் தடவிப் பார்த்தால்தான் நம்புவார். "நாச்சிண்ணன் வண்டியப் படிச்சு முடிச்சுட்டாருங்களா? நான் பானெட்டைத் தொறக்கலாமுங்களா?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சாய ஆலை முதலாளி வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார். அதில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. மிதிப்பதைச் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் ஒரு சின்ன மோட்டாரை வைத்து, எஞ்சினுக்குக் காற்று விடும் தகட்டைத் திறக்கும். தகடு இருக்கும் அந்தக் கூடுதான் த்ராட்டில். ஒருமுறை அந்தக் காரைச் சர்வீஸ் செய்து கொடுத்திருந்தோம். கொஞ்ச நாளில் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்தது. ஆலைக்கே எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஒயர்கள் வந்து சேரும் சோதனைக் கப்ளரில் இரண்டு முனைகளை ஒயரால் இணைத்தால் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். சிமிட்டலை எண்ணினால் வருவது கோளாறின் குறியெண், 'கோடு' என்போம். அதைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும். பார்த்தேன். கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்குத் தகடு போகவில்லை என்று கோடு சொன்னது.

"த்ராட்டில் போச்சுங்க. மெட்ராஸ்ல சொல்லிப் புதுசு வரவழைக்கோணும்" என்றேன்.

"கோடு வலிக்கற எடத்தைச் சொல்லுது. ஏன் வலிக்குதுன்னு சொல்லலீங்களே" என்றார் பாய்.

மீட்டரை வைத்துப் பெடல் சென்சாரைப் பார்த்தோம், ஒயர்களைப் பார்த்தோம், எல்லாம் சரி. அப்போது பாய் நோன்பில் இருந்தார். பொழுது சாய்வதற்குள் கிளம்பலாம் என்று நடந்தால், கேட் பூட்டியிருந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார். "எங்கீங்க கெளம்பிட்டீங்க? சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் காலைல ஏர்போர்ட்ல எறங்கறாருங்க. வண்டி ஓடற வரைக்கும் இருந்து பார்த்துக் குடுத்துருங்க. டிபன் சொல்லியிருக்கறனுங்க." இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அடைத்துவைத்ததில்லை.

காரின் டிரைவர் ஆலைக்குள்ளேயே கம்பெனி கொடுத்த அறையில் குடியிருந்தார். நோன்பு திறக்கப் பாயோடு என்னையும் அங்கே அழைத்துப் போனார். அறை முழுக்க ஒரு தொட்டில். அதற்கடியில் குனிந்துதான் உள்ளே போக முடியும். "பேரீச்சம்பழம் இல்லீங்க பாய், வாழப்பழந்தான் இருக்குதுங்க" என்று அவர் மனைவி சொம்பில் தண்ணீரோடு கொண்டுவந்தார். பாய் தின்று, குடித்து, தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வந்தார்.

வந்தவர் சாவியை எடுத்துவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்தார். தகட்டின் விளிம்பில் ஒரு கறுத்த நூல் சிக்கியிருந்தது. இடுக்கியால் உருவி விரலில் உருட்டினார். "பனியன் கழுத்துக்கு வெக்கற ரிப் துணி நூலுங்க" என்றார்.

எங்கள் ஊரில் எதைத் துடைப்பதென்றாலும் பனியன் வேஸ்ட் துணிதான். டிரைவர் முகம் வெளுத்துவிட்டது. "கரியா இருந்துச்சுன்னு நாந்தானுங்க தொடச்சேன். எஞ்சின்ல கை வெச்சா ஊட்டைக் காலி பண்ணோணும்னு மொதலாளி முன்னயே சொல்லீருக்காருங்க."

பாய் நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேட்டரியைக் கழற்றி மாட்டிக் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த கோளாறுக் கோடை அழித்தோம். விளக்கு அணைந்தது, எஞ்சின் சீறியது.

"என்ன கோளாறுங்க?" என்றார் முதலாளி.

"போன தடவ நாங்க ஒரு கப்ளரைச் சரியா மாட்டாம உட்டுட்டமுங்க. தப்பு எங்களுதுதானுங்க" என்றார் பாய்.

"பரவால்லீங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார். அதன்பின் எந்தக் கம்பெனிக் காரும் எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. பெருமாநல்லூர் வரைக்கும் பேச்சு போயிருந்தது.

வெளியே வந்ததுமே கேட்டேன். "உங்க தப்புன்னு சொல்லீருக்கலாமில்ல பாய்? என்னை எதுக்கு இழுத்தீங்க?"

"ஒரே ஷெட்டுங்களே, நாச்சிண்ணா."

கூட்டுத் தொழிலை முறித்துக்கொள்ள நினைத்தேன். முறித்தால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் டிரைவர் குடும்பம் தெருவுக்கு வரும். அந்தக் கேட்டை அன்றைக்கே திறந்துவிட்டார்கள். இதிலிருந்து எனக்கு வெளியே வர வழியில்லை. சண்டை போடாத நாளில்லை. ஒவ்வொரு முறையும் அவர் பதில் ஒன்றுதான்: "தொட்டில் இன்னும் அங்கதானுங்க தொங்குது."

கபர்ஸ்தானில் உடலைச் சுமந்து வந்த சந்தூக்கை இறக்கியபோது அந்த டிரைவர் வந்தார். இப்போது சொந்த டெம்போ, வாடகை வீடு. பட்டறைக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். "அந்தக் காரைக் கெடுத்தது நானுங்க. பாய் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டாரு. இவருக்கும் அதுல எந்தத் தப்பும் இல்லீங்க" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ நாள் காத்திருந்த பேச்சு அது. நான் பாயைத்தான் திரும்பிப் பார்த்தேன். மண் தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

"நீங்க எழுதுவீங்களே, பாயைப் பத்தி எழுதுங்கண்ணா. எம் பேரையும் போடுங்க" என்றார் டிரைவர்.

பாய், அன்று நீங்கள் செய்தது தவறு. இன்றும் அதைத்தான் சொல்கிறேன். கோடு த்ராட்டில் என்றது. நூலும் த்ராட்டிலில்தான் இருந்தது. ஆகவே நான் சொன்னதும் சரி. மறுத்துப் பேச நீங்கள் இல்லை என்பதற்காக ஒரு வரியையும் குறைக்கவில்லை. டிரைவர் பெயரை மட்டும் எழுதவில்லை. அந்த அறையை அவர் எப்போதோ காலி செய்துவிட்டார், தெரியும். ஆனாலும் பேனாவை அங்கே கொண்டுபோனால் அந்தத் தொட்டில் குறுக்கே தொங்குகிறது.

போய் வாருங்கள், பாய்.