சாமிக்கு ஒரு பிடி

எழுதத் தெரியாதவள் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, காணிக்கைப் பெட்டியின் மேல் போனில் பணம் அனுப்புகிற கட்டம் போட்ட அட்டையை ஒட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் எனக்கென்னவோ பழைய அரிசி வாசனை அடித்தது. கூடவே சின்ன வயதுப் பயமும் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊரில் காணிக்கை என்றால் பிடியரிசி. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, மாதா படத்துக்குக் கீழே இருக்கும் கலயத்தில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை கோயில் உபதேசியார் சாக்கோடு வந்து வாங்கிப் போவார். ஞாயிறு பூசையில் வைத்து, சோற்றுக்கு வழியில்லாத ஒரு வீட்டுக்குக் கொடுப்பார்கள்.

அம்மாவுக்கு அகலமான கை. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை அவிழ்த்துக் காய்த்த கை. அது அரிசிக்குள் இறங்கும்போதெல்லாம் என் தட்டிலிருந்தே அள்ளுவது போல இருக்கும். ஒருமுறை நான் போட்டேன். “உன் கை கோழிக்குஞ்சு கை. ரெண்டாப் போடு” என்றாள்.

மழை பொய்த்த வருஷம் அது. அணை இருக்கிற ஆத்தூர்ப் பக்கமே தண்ணீர் இல்லை என்றார்கள். பேட்டைக்கு வெங்காயம் வராததால் அம்மாவுக்கு வேலையில்லை. திருப்பூருக்குப் போன அப்பா போனவர்தான். (ஒன்றைச் சொல்ல வந்து எங்கெங்கோ போகிறேன், என் புத்தி அப்படி.) அந்தச் சனிக்கிழமை தம்பி காய்ச்சலில் கிடந்தான். பானையில் அரிசி தீர்ந்திருந்தது. கலயத்தில் மட்டும் இருந்தது. வாசலில் உபதேசியாரின் சைக்கிள் மணி கேட்டதும் நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“கஞ்சிக்கு ஒரு பிடி எடுத்துக்கிருவோம்மா. தம்பி செத்துப் போயிருவான்.”

“வாயை மூடுடி. அது சாமிக்குப் போட்டது. நம்மளோடது இல்ல.”

உபதேசியார் சாக்கை விரித்துவிட்டு, கலயத்தைத் தூக்கிப் பார்த்தார். “என்ன தாயி, இம்புட்டுக் கனக்குது! நீங்க சோறு திங்கிறீங்களா, இல்ல எல்லாத்தையும் சாமிக்கே போட்டுர்றீங்களா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “வீட்டுக்கு இருக்குல்ல?”

“நெறைய இருக்குங்கய்யா” என்றாள் அம்மா.

அம்மா கலயத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒட்டியிருந்த மணிகளையும் விரலால் தள்ளிவிட்டாள். நான் வெறும் பானையை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்துவிடுவாரோ என்று பயம். பார்க்காமல் போய்விடுவாரோ என்றும் பயம். அவர் பார்க்கவில்லை.

பிறகு அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுத் தம்பிக்குக் கொடுத்தாள். டம்ளரை வைத்துவிட்டு, மூச்சு வருகிறதா என்று அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் பயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது உபதேசியார் இல்லை, அந்தச் சாக்கு இல்லை, அம்மாவும் போய்விட்டாள். கலயம் எப்போது உடைந்தது என்று கேட்டால் எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. நானும் கோயிலுக்குக் கொடுக்கிறேன், வீட்டுக்கு எடுத்துவைத்தது போக. அம்மா மாதிரிக் கொடுக்க இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் பூசையில் எங்கள் அரிசியைக் கடைசித் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பசிக்குது என்று அழுதான்.