'நானோ' குகன் அண்ணை போய்விட்டார்

குகன் அண்ணை இன்று விடிய ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

பஸ்ஸில் நிற்கும்போது எஸ்எம்எஸ் வந்தது. இறங்கினேன், வேலையை முடித்தேன், இப்போதுதான் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அழக்கூடத் தெம்பில்லை…

இந்த வருடம் எத்தனை பேருக்கு அஞ்சலி எழுதிவிட்டோம். ஊரில் போரில் இறந்தவர்களின் பெயர்களே இன்னும் வந்து முடியவில்லை. அதற்குள் இங்கேயும்.

பலெர்மோவில் இல்லாத நண்பர்களுக்கு: அண்ணையும் நானும் ஒரே கிளீனிங் கம்பனி. 2003இலிருந்து சில வருடங்கள் ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தில் ஒன்றாக வேலை. அவர் கீழ்த்தளம், லேப்கள். நான் மேல்மாடி.

யாழ்ப்பாணத்தில் ஏ.எல். கெமிஸ்ட்ரி படித்தவர். சோதனை எழுத முதலே நாட்டை விட்டு வரவேண்டியதாயிற்று. அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியதெல்லாம் நானோ டெக்னாலஜி. அதனால்தான் எல்லோருக்கும் அவர் 'நானோ' குகன். இன்டர்நெட் கடையில் பிரின்ட் எடுத்த தாள்கள் எப்போதும் கோட் பொக்கெற்றில் இருக்கும்.

"பென்சில் கரி இருக்கெல்லே பிள்ளை… அதைச் செலோடேப்பாலை உரிச்சு உரிச்சு, ஒரு அணு தடிப்பிலை தாள் எடுத்துப்போட்டாங்கள்!"

"அண்ணை, எனக்கு இன்னும் நாலு ரொய்லெற் கிடக்கு."

"ஓம் ஓம், போ. பிறகு சொல்லுறன்."

ஒருநாள் போர்கோ வெக்கியோ சந்தையில் வாங்கிய கோலிஃபிளவரின் இலை ஒன்றோடு வேலைக்கு வந்தார். லேபில் இருந்த ஓர் இத்தாலியப் பெண் ஆராய்ச்சியாளரை மாதக்கணக்காகக் கெஞ்சி, அந்த இலையை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைக்கச் சம்மதம் வாங்கியிருந்தார்.

என்னையும் கூப்பிட்டார். மொப்போடு போய் நின்றேன். ஸ்கிரீன் முழுக்கச் சின்னச் சின்னக் குச்சிகள்.

"பாத்தியே… எல்லாம் மெழுகு. இந்தக் குச்சியளாலைதான் தண்ணி இலையிலை ஒட்டாமல் உருண்டு ஓடுது."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அடுத்தது எழுதக் கஷ்டம். ஆனால் எழுதத்தான் வேண்டும்.

அந்த நாட்களில் என் கணவர் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பென்டன்ட் விற்றுக்கொண்டிருந்தார். கறுப்பு வட்டம். கழுத்தில் போட்டால் 'நானோ சக்தி' உடம்புக்குள் போய்ச் சீனி வருத்தம், மூட்டு வலி எல்லாம் மாறும் என்று. எங்கள் சனத்துக்குள் நன்றாக ஓடியது. விஷயம் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இரண்டு வார்த்தை சொன்னால் இன்னும் ஓடும் என்று, அண்ணையை அழைத்ததே நான்தான்.

அவர் ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் அதே ஆராய்ச்சியாளரிடம் காட்டினார். பிறகு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இது வெறும் சுட்ட களிமண். விக்காதேங்கோ."

கணவர் சிரித்தார். "நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம் அண்ணை. வந்து பக்கத்திலை நிண்டாக் காணும்."

வந்தார். அல்பெர்கேரியாப் பக்கம், கூட்டம் நடக்கும் ஒரு சின்ன மண்டபம். எல்லோரும் இருக்க, எழும்பி நின்றார்.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லை. இதை நம்பிக் குளிசையை நிப்பாட்டின ஆக்கள் ஆராவது இருந்தால், இண்டைக்கே திரும்பப் போடத் தொடங்குங்கோ."

முன்வரிசையில் ஓர் அக்கா அழத் தொடங்கினார். சீனி வருத்தத்துக்கான மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாம்.

அந்த அக்கா இன்றும் உயிரோடு இருக்கிறார். ஆனால் அன்று எனக்கு அது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சபையில் எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டார் என்பது மட்டும்தான். ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. ஒரே கட்டடம்… ஒவ்வொரு நாளும் "என்ன பிள்ளை, சுகமே?" என்பார். நான் வாளிக்குப் பைப்பைத் திறந்துவிடுவேன்.

கணவர் அதன்பிறகு விற்கவில்லை. அண்ணையைக் கல்யாணம், சாமத்தியவீடு என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

பிறகு அவருக்குக் கணையத்தில் கட்டி என்று கேள்விப்பட்டேன். தனி ஆள். அவருடைய அரைகுறை இத்தாலியன் டாக்டரிடம் போதாது, மொழிபெயர்க்க ஒருவர் தேவை என்றார்கள். போனேன். என்னைக் கண்டதும், நேற்றுத்தான் பேசியதுபோல ஒரு தாளை நீட்டினார்.

"நானோ துணிக்கையிலை மருந்தை ஏத்தி, நேரா கட்டிக்கு அனுப்பிற முறை ஒண்டு இருக்கு. எனக்குச் சரிவருமோ எண்டு கேள்."

கேட்டேன். டாக்டர் ஆமென்று சொல்லிவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டே கேட்டேன். அவர் தாளை முழுவதும் வாசித்தார். நல்ல கேள்வி, ஆனால் இந்த வருத்தத்துக்கு இன்னும் வரவில்லை என்றார். எனக்கு அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை.

"விளங்கிட்டுது பிள்ளை. எலிக்கு வேலை செய்யுது. மனுசருக்கு இன்னும் காலம் கிடக்கு. தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்."

"உங்களுக்குக் கோவம் வரேல்லையே அண்ணை?"

"ஆரோடை? எலியோடையோ?"

போன கிழமை கடைசியாகப் பார்த்தேன். வேலை முடிந்து நேரே போயிருந்தேன். அந்த ஒரு வருடத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். கையை அசைத்து, விடு என்றார். வெடிப்பு விழுந்தால் தானே மூடிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் சின்னக் குமிழிகள் இருக்குமாம், வெடிக்கும்போது குமிழியும் உடையுமாம்…

கதிரையிலேயே தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை எழுப்ப வந்த நர்ஸை அவர்தான் கைகாட்டி நிறுத்தினாராம்.

"எழும்பிட்டியே? பஸ் போயிடும், ஓடு."

ஓடினேன்.

குமிழி உடைந்தபிறகு என்ன நடக்கும் என்று கேட்கவில்லை அண்ணை.

போய் வாருங்கள்.