நிற்காமல் போன படகுகள்

அமீரகத்தின் துறைமுக ஊரான புஜைராவில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டிலிருந்து பார்த்தால், நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். அவற்றில் ஒன்றிலிருந்துதான் அவரைக் கொண்டுவந்தார்கள். இன்ஜின் ரூமில் வேலை. வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. ஐம்பதைத் தாண்டியவர், பராகுவே நாட்டுக்காரர். கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்கப் பேச்சுக் கொடுப்பேன். அவரும் தெரிந்த இங்கிலீஷில் ஊரைப் பற்றியே சொல்வார்.

கடலே இல்லாத நாட்டில், ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். சோயா எண்ணெய் மில் ஒன்றுதான் ஊருக்கே பிழைப்பு. இவர் அங்கே பாய்லர் பார்த்தார். சோயா ஏற்றிவரும் லாரிக்காரர்களுக்கு மனைவி சாப்பாட்டுக் கடை நடத்தினாள். கொடியில் காயும் துணியெல்லாம் வறுத்த பயறு மணக்கும் என்றார்.

பிறகு மழை பொய்த்தது. ஆறு இறங்கி மணல் தெரிந்தது. எண்ணெய் எடுக்க வந்த சரக்குப் படகுகள் முதலில் பாதிச் சரக்கோடு போயின; அப்புறம் வரவேயில்லை. மில்லை மூடினார்கள். லாரிகள் நின்றன, சாப்பாட்டுக் கடை நின்றது, பஞ்சர் ஒட்டுகிறவன்கூடக் கிளம்பிவிட்டான். மனைவியும் மகளும் தலைநகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். இவர் கப்பலேறினார்.

டிஸ்சார்ஜ் நெருங்கியபோது, தூத்துக்குடிக்காரரான கப்பல் ஏஜெண்ட் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சிஸ்டர், பொண்டாட்டி இருக்க ஊருக்கு டிக்கெட் போட்டா, அங்க எறங்கி பஸ்ஸப் பிடிச்சு பழைய ஊருக்கே போவேங்காரு. அங்க என்ன இருக்கு? நீங்க சொன்னா கேப்பாரு.”

கேட்டுப் பார்த்தேன். ஆற்றின் மேல்பக்கம் மழை பிடித்திருக்கிறதாம், ஆறு ஏறினால் மில்லைத் திறப்பார்களாம், பழைய கூட்டாளி ஒருவர் சொல்லியிருக்கிறார். பாய்லர் தெரிந்த ஆள் வேண்டுமே என்றார். முதலில் மனைவியைப் போய்ப் பாருங்கள் என்றேன். தலையாட்டினார். என் வீட்டுக்காரர் இங்கே கப்பல்களுக்கு எண்ணெய் கொடுக்கும் டேங்குகளில் வேலை பார்க்கிறவர். இந்தக் கப்பல்கள் வராமல் போனால் நாங்கள் எங்கே போவோம் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

சில மாதம் கழித்து, பழைய ஊரிலிருந்து அவர் குரலைப் பதிவுசெய்து போனில் அனுப்பியிருந்தார். ஆறு ஏறிவிட்டது. ஊரில் மிச்சமிருந்தவர்கள் கரைக்கு ஓடினார்கள். படகுகள் வரிசையாக, நிறைந்த சரக்கோடு மேலிருந்து வந்தன. ஒன்றும் நிற்கவில்லை. மில் முதலாளி ஊருக்குத் தெரியாமலே இயந்திரங்களை எப்போதோ கழற்றிக் கீழே பெரிய துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பாய்லரை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

“தண்ணி வந்துடுச்சு சிஸ்டர். மில்லுதான் இல்ல,” என்று முடித்திருந்தார்.

டூட்டி முடிந்து உடை மாற்றப் போனவள், மாற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அவர் மகளோடு போனில் பேசினேன். கடைசியில் அவர்களிடமே வந்துசேர்ந்துவிட்டாராம். ஒரு கடை வாசலில் கார்களுக்குக் காவல். ஊர்ப் பேச்சை எடுப்பதில்லை. அம்மா சமைக்கும்போது மட்டும் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாராம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

தூங்குகிறார் என்றாள். பின்னால் அவர் இருமுவது கேட்டது.