பிசாசு எந்தச் சங்கத்துச் சரக்கு

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் சட்டத்துக்கு அடங்கிய மனிதர் ஒருவரைக் காட்டு என்றால், யாரைக் கேட்டாலும் தறிக்கார லீவனைத்தான் காட்டுவார்கள். காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். சிரிப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லாததால் பொறுத்துக்கொண்டார்.

அவரை அடக்கிய சட்டம் தாத்தா காலத்தது. ஓவியர் சங்கமும் நெசவாளர் சங்கமும் தெருவில் நின்று கத்தி, நகரசபைக்குப் போய் உட்கார்ந்து, ஓர் உடன்படிக்கையோடு எழுந்து வந்தன. சித்திரக் கம்பளத்துக்கு மாதிரிப்படம் வரைவது ஓவியர் வேலை. நெசவாளி தேவைப்பட்டால் கரிக்கட்டியால் மரம், புல், படகு, துணிமடிப்பு, மிருகம் இவற்றை வரைந்துகொள்ளலாம். மனிதனை வரையக் கூடாது. கழுதையை வரையலாம், அதன்மேல் உட்கார்ந்து எகிப்துக்குப் போகிற மாதாவை வரைய ஓவியரைக் கூப்பிட வேண்டும்.

ஓவியரைக் கூப்பிட்டால் செலவு. ஆகவே லீவன் சொந்தமாக நெய்து விற்ற கம்பளங்களில் ஆளே இருக்காது. வேட்டைக் காட்சியில் நாய் ஓடும், மான் ஓடும், வேட்டைக்காரனைத் தேடினாலும் கிடைக்க மாட்டான். சேணம் பூட்டிய குதிரை ஒன்று மரத்தடியில் நிற்கும், எசமான் ஒதுங்கப் போயிருக்கிறார் என்பது போன்ற முகத்தோடு. ஆனால் லீவனுக்கு மனத்தின் அடியில் ஓர் ஆசை உண்டு: சாவதற்குள் ஒரு மனித முகம். ஒருமுறை மதுக்கடையில் சிந்திய பீரில் விரலைத் தொட்டு மேசைமேல் ஒரு மூக்குவரை வந்துவிட்டார். பிறகு பயந்துபோய்ச் சட்டைக்கையால் துடைத்துவிட்டார்.

அந்தத் தெருத் தறிகளுக்கெல்லாம் மாதிரிப்படம் தருபவர் மெல்கியோர். செந்நிறக் கூர்தாடி. இடது கண்ணின் இமை பாதி சரிந்திருக்கும். அந்தக் கண்ணால் யாரைப் பார்த்தாலும் விலை குறைத்துக் கேட்பதுபோல் இருக்கும். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அவருக்கே இல்லையே. பட்டறைக்கு வந்தால் லீவனின் வேலையைக் குனிந்து பார்த்துப் பாராட்டிவிட்டுத்தான் போவார்.

"புல்லு பிரமாதம் லீவன். மாடு பாத்தா ஏமாந்துரும்."

அந்த வருடம் ஒரு மடத்திலிருந்து பெரிய வேலை வந்தது. அதிதூதர் மிக்கேல் பிசாசைக் காலடியில் போட்டு மிதிக்கும் காட்சி. மிக்கேல் திருநாளன்று கோயிலில் தொங்கியாக வேண்டும்; தவறினால் மடம் வாங்கிக்கொள்ளாது. மெல்கியோர் காகிதத்தில் முழு அளவுக்கு வண்ணம் தீட்டிக் கொடுத்தார். வழக்கப்படி அதைப் பட்டை பட்டையாக வெட்டி, வேலை நகர நகர ஒவ்வொன்றாகப் பாவு நூலுக்கு அடியில் செருகிப் பார்த்து நெய்தார்கள். நெய்பவர் முன்னால் இருப்பது கம்பளத்தின் முதுகுப்பக்கம். நெய்த பகுதி உருளையில் சுருண்டுவிடும். முகப்பக்கத்தில் எல்லாம் இடது வலதாக மாறித்தான் விழும் என்பதால் மெல்கியோரின் மிக்கேல் காகிதத்தில் இடது கையால் வாளை ஓங்கிக்கொண்டிருந்தார்.

தலையில் தொடங்கி அதிதூதரின் முழங்கால்வரை வந்தாயிற்று. அடுத்த பட்டையை எடுக்கப் பரணுக்குப் போன லீவன் அங்கேயே நின்றுவிட்டார். பட்டறைப் பூனை பிசாசின் தலைமேல் குட்டி போட்டிருந்தது. கொம்பின் நுனி ஒன்று மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் நனைந்து, கிழிந்து, வாடை அடித்தது.

மெல்கியோர் ஆண்ட்வெர்ப்பில் ஒரு கோயிலுக்குப் பீடச் சித்திரம் தீட்டப் போயிருந்தார். ஆள் அனுப்பினால், கோடை முடிந்து வருகிறேன், அதுவரை என் படத்தில் வேறு எந்த ஓவியனும் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. கோடை முடிந்து அவர் வந்து, வரைந்து, அதற்குப்பின் நெய்தால் திருநாள் போய்விடும். லீவன் பூனையைத் திட்டினார். பூனை குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது. தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மனைவி பார்பெலிடம் வந்து உட்கார்ந்தார்.

"கொம்பு இருக்கு, வாலு இருக்கு, குளம்பு இருக்கு. அப்ப அது மிருகந்தானே?" என்றார்.

"பேசுமே?"

"கிளியுந்தான் பேசுது."

"ஆசகாட்டி மோசம் பண்ணுமே?"

லீவன் பரணை நிமிர்ந்து பார்த்தார். "அதப் பூனையும் பண்ணுது."

பார்பெலுக்கு அதற்குமேல் இறையியல் தெரியாது. லீவன் புதுக் காகிதத்தில் கரியால் ஒரு வெள்ளாட்டுக் கிடாவை வரைந்தார். கிடாதான், சத்தியமாகக் கிடா. கூர்தாடி தானாக வந்தது, கிடாவுக்குத் தாடி இல்லாமலா? வலது கண் கொஞ்சம் சரிந்துபோயிற்று. மிதிபடுகிறதே, சரியாதா என்று விட்டுவிட்டார். பார்பெல் எட்டிப் பார்த்து, எங்கேயோ பார்த்த கிடாவாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னாள். தாடிக்கு எந்த நூல் என்று தேடியபோது கைக்கு முதலில் தட்டுப்பட்டது செந்நிறம். அன்றிலிருந்து அவர் தறியில் உட்கார்ந்த அழகே வேறு. சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. இமைக்கு மூன்று நிறம் கலந்து, பிரித்து, மறுபடி நெய்தார்.

தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாள் வந்தது. மடத்துக் காரியஸ்தர் வந்தார், அக்கம்பக்கத்துத் தறிக்காரர்கள் வந்தார்கள், பீர்ப் பீப்பாய் வந்தது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து மெல்கியோரும் முதல்நாள்தான் வந்து சேர்ந்திருந்தார். கம்பளத்தை இறக்கித் தரையில் முகப்பக்கம் மேலே வரப் புரட்டிப் போட்டார்கள்.

மிக்கேல் வலது கையால் வாளை ஓங்கியிருந்தார். அவர் காலடியில், கூர்தாடியும் சரிந்த இடது கண்ணுமாக, மெல்கியோர் படுத்திருந்தார்.

காரியஸ்தர் கம்பளத்தைப் பார்த்தார், மெல்கியோரைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். பார்பெல் மேலங்கி நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். லீவன் வெளுத்துப்போனார். காகிதத்தில் தப்பான பக்கம் இருந்த கண் சரியான பக்கத்துக்கு வந்ததும் அது யாரென்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மெல்கியோர் நேரே நகரசபைக்குப் போனார். நெசவாளி மனித உருவம் வரைந்துவிட்டான். தறியை முத்திரை வைத்துப் பூட்ட வேண்டும், கம்பளத்தை வெளியே விடக் கூடாது என்று புகார். நிரூபணமானால் இரண்டும் நடக்கும். லீவனுக்கு அந்தத் தறியைத் தவிரப் பிழைப்பு கிடையாது. வீட்டில் அடுப்பு எரிந்தும் யாரும் சாப்பிடவில்லை.

விசாரணைக் கூடத்தில் கம்பளத்தைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்த நடுவர், பிசாசு மனிதனா மிருகமா என்பதே வழக்கு என்று தெரிந்ததும் தூக்கம் கலைந்து நிமிர்ந்தார். இரண்டு சங்கத்தாரும் வாசல்வரை நெருக்கியடித்து நின்றார்கள்.

"கொம்பு, வாலு எல்லாம் ஒத்துக்கறேன் ஐயா. முகம் மனுச முகம்," என்றார் மெல்கியோர்.

"எந்த மனுசன்?" என்றார் நடுவர்.

"பொதுவா ஒரு மனுசன்."

"பொதுவா ஒரு மனுசன் இந்த ஊர்ல எந்தத் தெருவுல குடியிருக்கான்? பேரச் சொல்லுங்க. எழுதிக்கிறோம், வழக்கு உங்க பக்கம்."

எழுத்தர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். மெல்கியோர் தாடியைத் தடவினார். தடவியதும் எல்லோரும் தன் தாடியையே பார்ப்பது தெரிந்து கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். ஒரு வார்த்தை சொன்னால் வென்றுவிடலாம். ஆனால் அந்த வார்த்தை நகரசபைப் பதிவேட்டில் ஏறி, பேரன் பேத்தி காலம்வரை அங்கேயே இருக்கும். அவர் கம்பளத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"கிட்டப் போய்ப் பாத்தா," என்றார் கடைசியில், "கிடா மாதிரிதான் தெரியுது."

நடுவர் லீவன் பக்கம் திரும்பினார். வரைந்தவன் வாயால் ஒரு தடவை சத்தியமாகச் சொல்லிவிட்டால் முடிந்தது: அது என்ன?

லீவன் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்தார். எதிரே சுவரில் அந்த முகம் இருந்தது. சாதாரணத் தறிக்காரன்கூடப் பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லும்படியான முகம். ஆயுள் முழுக்கக் கழுதையும் குதிரையுமாக நெய்த கையிலிருந்து வந்தது. அதை ஆடு என்று சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார். 'ம' என்ற எழுத்துக்கு உதடு சேர்ந்ததைப் பக்கத்தில் நின்ற பார்பெல் பார்த்தாள். மரச்செருப்புக் காலால் அவர் கால்விரலை ஒரு மிதி மிதித்தாள். மிக்கேல்கூட அவ்வளவு மிதித்திருக்க மாட்டார்.

"கிடாங்க ஐயா," என்றார் லீவன், கண்ணில் நீரோடு.

பிசாசு மிருக வகையைச் சேர்ந்தது என்று எழுதப்பட்டது. நெசவாளர் சங்கத்தார் வாசலில் தொப்பியை வீசினார்கள். தறி பிழைத்தது, கம்பளமும் நாள் தவறாமல் கோயிலுக்குப் போயிற்று.

திருநாள் பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. லீவன் மட்டும் கம்பளத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலேயே யாரென்று தெரிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பக்தியோடு பிசாசைப் பார்த்தார்கள்.

"அந்த இமைக்கு என்ன நூலுப்பா போட்ட?" என்றார் மெல்கியோர், மெதுவாக.

"சாம்பல் நெறம், பழுப்பு, அதுக்கு நடுவுல ஒரே ஒரு இழை ஊதா, மாஸ்டர்."

"ஊதாவா." மெல்கியோர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "நான் போட்டிருந்தா பச்சை போட்டிருப்பேன். கெட்டுப் போயிருக்கும்."

மெல்கியோர் சிலுவை போட்டுக்கொண்டு நாலடி நடந்தார். பிறகு தன் மூக்கைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஆனா ஒண்ணு. எந்தக் கிடாவுக்கும் மூக்கு அவ்வளவு நீளம் கெடையாது."