அருள்புரத்திலிருந்து பொங்கலூர் வரை: ஒரு ஃபோல்டரைத் தேடிப் போன நாள்

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கோவையிலிருந்து அருள்புரம் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அழிந்த ஃபைல்களை மீட்பது என் தொழில். பழைய சர்வரை மாற்றப்போகிற பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கூப்பிட்டவர் செந்தில்குமார். அருள்புரத்தில் பனியன் யூனிட் வைத்திருக்கிறார். "கம்பெனி ஃபைல் இல்லீங்க. ஒரு ஸ்டாஃப் அம்மாவோடதுங்க. ஒருக்கா வந்து பாத்துருங்க" என்றார்.

சிங்காநல்லூரிலிருந்து பல்லடத்துக்கு பஸ் முப்பது ரூபாய், ஒரு மணி நேரம். அங்கே திருப்பூர் பஸ் மாறினால் கால் மணியில் அருள்புரம். காலை ஷிஃப்ட் நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது, சொல்லிவிட்டேன்.

ஆபீஸில் ஜெசிந்தா காத்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங்கில் வேலை. அவர் கணவர் அந்தோணி இதே கம்பெனியில் கம்ப்யூட்டரில் பனியன் வெட்டுக்கான பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவர். முந்தைய வருடம் பைக் விபத்தில் இறந்துபோனார். ஃபோனும் லாரிச் சக்கரத்தில் நொறுங்கிவிட்டது. ஆனால் ஃபோன் நிறையும்போதெல்லாம், மகளை எடுத்த வீடியோக்களை ஆபீஸ் சர்வரில் தன் ஃபோல்டரில் போட்டுவைப்பாராம்.

"எல்லாத்துலயும் அவியதான் பேசுவாவ சார். 'இங்க பாரு பாப்பா, இங்க பாரு'ன்னு. மொகம் தெரியாட்டியும் பரவால்ல, சத்தம் கெடச்சாப் போதும்" என்றார் ஜெசிந்தா.

அந்தோணி இறந்தபிறகு கம்பெனியில் சர்வரை மாற்றிவிட்டார்கள். முதலில் புதிய சர்வரைப் பார்த்தேன். ஆளுக்கு இவ்வளவு இடம்தான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அதற்குள் அடங்கவேண்டும் என்று, மாற்றிக் கொடுத்தவர் வீடியோக்களை மொத்தமாக விட்டுவிட்டு மற்றதைக் காப்பி செய்திருக்கிறார். அந்தோணியின் ஃபோல்டர் இருந்தது. பேட்டர்ன் ஃபைல்கள் ஒன்று குறையாமல் இருந்தன. வீடியோ ஒன்றுகூட இல்லை.

அடுத்து பேக்கப். பழைய சர்வரை நிறுத்தும் முன் முழுசாக ஒரு பேக்கப் எடுத்துத்தான் இருந்தார்கள். ஆனால் அதைத் தினசரி பேக்கப்புகளோடு ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள். அங்கே, தொண்ணூறு நாள் தாண்டியதைத் தானாக அழிக்கும்படி செட் செய்திருந்தது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

"பழைய சர்வர் எங்கீங்க இருக்குது?"

"பொங்கலூர் தோட்டத்து ஊட்டுல போட்டு வெச்சிருக்கறமுங்க. தூக்கிப் போட மனசு வரலீங்க" என்றார் செந்தில்குமார்.

ஜெசிந்தா அதற்குள் எழுந்துவிட்டார். "நானும் வாரேன் சார்."

பல்லடம் வழியாகச் செந்தில்குமாரின் காரில் அரை மணி நேரம். டிஸ்கை யாரும் தொடாமல் இருந்தால் எடுத்துவிடலாம் என்று வழியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இந்தத் தொழிலில் அதைச் சொல்லவே கூடாது. அவர் முகத்தில் அதற்குப்பின் வந்த தெளிவை என்னால் பார்க்க முடியவில்லை.

உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் சர்வர் நின்றது. திறந்தால், டிஸ்க் இரண்டும் இருக்கவேண்டிய இடம் காலி.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பழனிச்சாமி வந்து எட்டிப்பார்த்தார். "அதுங்களா? கேமரா மாட்ட வந்தவங்க கழட்டி, அந்தப் பொட்டில போட்டுட்டாங்களே!"

செந்தில்குமாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "வேஸ்ட்டாக் கெடக்குதே, போட்டுக்கலாமான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லிப்போட்டனுங்க. அய்யோ."

கேமராப் பெட்டி நிற்காமல் பதியும். டிஸ்க் நிறைந்தால் பழசின் மேலேயே எழுதும். மாதக்கணக்கில் எழுதியிருக்கிறது. இருந்தாலும் டிஸ்குகளைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி, சாயங்காலம் வரை தேடவிட்டேன். வந்ததெல்லாம் கேட் வீடியோ. தேங்காய் லோடு ஏறுகிறது. நாய் படுத்திருக்கிறது. மழை பெய்கிறது. எதிலும் சத்தம் இல்லை, அந்தக் கேமராவில் மைக் கிடையாது.

ஜெசிந்தா ஒவ்வொன்றையும் கடைசிவரை பார்த்தார். "அடுத்தது போடுங்க சார்." அடுத்ததிலும் அதே கேட். "இதுலயும் இல்ல, என்ன சார்?"

"இல்லீங்கம்மா."

சர்வரை மாற்றப் போகிறவர்களுக்கு: கடைசி முழு பேக்கப்பைத் தனி டிஸ்கில் எடுங்கள். தானாக அழிகிற கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். மேலே தேதி எழுதி ஒட்டி, ஒரு வருடமாவது பூட்டி வையுங்கள். இட வரம்புக்காக எதை விட்டார் என்பதை, மாற்றிக் கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய டிஸ்கை யாருக்கும் கொடுக்கும் முன் கட்டிங், செக்கிங் என்று எல்லாப் பிரிவுக்கும் ஒரு நடை நடந்து, "இதுல உங்களுது ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். இறந்துபோனவர் இருந்தால் அவர் வீட்டிலும் கேளுங்கள். இவ்வளவு செய்தாலும் ஏதாவது விட்டுப்போகும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

திரும்பும்போது கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஜெசிந்தா. காங்கேயம் பக்கமிருந்து வந்த கோவை பஸ்ஸில் இருவரும் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் மகள் அழைத்தாள்.

"இன்னும் தேடிட்டுத்தான் இருக்காவ, பாப்பா. பெரிய மிஷினுல்லா, நேரமாவுமாம்" என்றார்.

பல்லடத்தில் இறங்கும் முன் என் நம்பரை வாங்கிக்கொண்டார். "அவ கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லணும் சார்."

அதன்பிறகு அந்தக் குழந்தை இரண்டு முறை அழைத்துவிட்டாள். இரண்டு முறையும், தேடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொன்னேன்.